வேலையில் இருந்தபடியா, விட்டுவிட்டா, உள்ளேயே நகர்ந்தா? துறை மாறும்போது ஊக்கம் எந்த வழியில் தாக்குப்பிடிக்கும்

துறை மாற நினைப்பவருக்கு மூன்று வழிகள் உண்டு. இருக்கும் வேலையைப் பார்த்துக்கொண்டே அதிகாலையிலோ இரவிலோ படித்து மாறலாம். வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இறங்கலாம். அல்லது இப்போதிருக்கும் நிறுவனத்துக்குள்ளேயே, பாதி பழைய திறமையும் பாதி புதிய திறமையும் கேட்கும் வேலை ஒன்றின் வழியாக நகரலாம். எது சீக்கிரம் முடியும், எதில் கைப்பணம் குறைவாகக் கரையும் என்று பெரும்பாலும் எல்லோரும் கணக்குப் போட்டுவிடுகிறார்கள். ஆறாவது மாதத்திலும் புத்தகத்தைத் திறந்து உட்கார்ந்திருப்போமா என்ற கணக்குதான் விடுபட்டுப்போகிறது. மூன்று வழிகளிலும் ஊக்கம் வற்றும். வற்றும் இடமும் காரணமும் வழிக்கு வழி வேறு. அதைத் தெரிந்துகொண்டு தேர்ந்தெடுப்பவரால் முன்கூட்டியே அணை கட்டிக்கொள்ள முடியும்.

முதலில் மணிக்கணக்கு

புதிய துறையில் நுழைவுநிலை வேலைக்குத் தயாராக 500 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இது துறைக்குத் துறை மாறும். பட்டமும் உரிமமும் கேட்கும் மருத்துவம், சட்டம் போன்றவற்றுக்கு இந்தக் கணக்கே பொருந்தாது. வேலையில் இருப்பவர் ஐந்து வேலைநாளும் தலா 1 மணி, ஒரு விடுமுறை நாளில் 3 மணி என்று ஒதுக்கினால் வாரத்துக்கு 8 மணி. 500-ஐ 8-ஆல் வகுத்தால் 62 வாரத்துக்கு மேல் வரும். ஓராண்டு தாண்டி இரண்டு மாதம்.

வேலையை விடுபவர் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 40 மணி, ஆக மூன்றே மாதத்தில் முடித்துவிடலாம் என்று மனக்கணக்குப் போடுகிறார். இங்கேதான் முதல் சறுக்கல். ஆண்டர்ஸ் எரிக்சனும் அவருடைய சகாக்களும் 1993-இல் வெளியிட்ட ஆய்வில், பெர்லின் இசைக் கல்லூரியின் மிகச் சிறந்த வயலின் மாணவர்கள்கூட தனிப்பயிற்சிக்குச் செலவிட்டது வாரத்துக்கு சுமார் 24 மணி நேரம்தான். நாளுக்கு மூன்றரை மணி. முழுக் கவனத்தோடு செய்யும் கடினமான பயிற்சி அதற்கு மேல் தாங்காது. வாரத்துக்கு 24 மணி என்றால் 500 மணிக்கு 21 வாரம் ஆகும். வேலையை விட்டால் ஐந்து மடங்கு வேகம் கிடைக்கும் என்று எதிர்பார்த்த இடத்தில் மூன்று மடங்குதான் கிடைக்கிறது. மிஞ்சும் மணிகள் வெறுமையாகக் கிடக்கின்றன. அந்த வெறுமைதான் பிறகு தொல்லை தரும்.

இரண்டுக்கும் நடுவே இன்னொன்றும் இருக்கிறது. வேலையை வாரத்துக்கு நான்கு நாளாகக் குறைத்துக்கொள்வது. சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு போகும். ஆனால் விடுபடும் நாளில் 5 அல்லது 6 மணி நேரம் படிக்கலாம். வாரக் கணக்கு 8-லிருந்து 12 அல்லது 13 ஆகும், 62 வாரம் ஏறத்தாழ 40 வாரமாகச் சுருங்கும். நிறுவனம் ஒத்துக்கொள்ளுமானால் இதைவிட நல்ல பேரம் இல்லை. கேட்டால் மறுத்துவிடுவார்கள் என்று நினைத்துக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள் பலர். மூன்று மாதச் சோதனையாகக் கேட்டுப் பாருங்கள். நிரந்தர மாற்றத்துக்கு மறுப்பவர்கள்கூட சோதனைக்குச் சம்மதிப்பதுண்டு.

வேலையை விட்டவரிடம் எது போய்விடுகிறது

1930-களின் தொடக்கத்தில் ஆஸ்திரியாவின் மரியன்தால் கிராமத்தில் ஆலை மூடப்பட்டு, ஊரே வேலையிழந்தது. மாரி யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகியோரின் குழு அங்கே ஆய்வு நடத்தி 1933-இல் வெளியிட்டது. மக்கள் கையில் நேரம் குவிந்து கிடந்தது. ஆனால் ஊர் நூலகத்தில் எடுக்கப்பட்ட புத்தகங்களின் எண்ணிக்கை 1929-க்கும் 1931-க்கும் இடையில் ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது. நேரம் இருந்தால் படிப்பேன் என்று சொல்பவர்கள் எல்லோரும் ஒருமுறை நின்று யோசிக்க வேண்டிய செய்தி இது.

யஹோடா பிற்காலத்தில் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். சம்பளம் தவிர வேலை நமக்கு ஐந்து விஷயங்களைத் தருகிறது: நாளுக்கு ஒரு வரம்பு, குடும்பத்துக்கு வெளியே மனிதர்கள், பலரோடு சேர்ந்து எட்டவேண்டிய ஒரு நோக்கம், ஊர் உலகத்தில் ஓர் அடையாளம், விருப்பம் இல்லாத நாளிலும் எழுந்து செய்தாக வேண்டிய காரியம். மரியன்தால்காரர்கள் விரும்பி வேலையை விட்டவர்கள் இல்லைதான். விரும்பி விட்டவருக்குச் சோகம் குறைவாக இருக்கும். ஆனால் ஐந்தும் அவரிடமிருந்தும் ஒரே நாளில் போய்விடுகின்றன.

அதனால் முழுநேர வழியில் இறங்குபவர், ராஜினாமாக் கடிதம் கொடுப்பதற்கு முன்பே இந்த ஐந்துக்கும் மாற்று ஏற்பாடு செய்திருக்க வேண்டும். நாளின் வரம்புக்கு: தொடங்கும் நேரமும் முடிக்கும் நேரமும் குறித்திருக்க வேண்டும், படுக்கையறை அல்லாத ஓர் இடமும் வேண்டும். முடிக்கும் நேரம் தொடங்கும் நேரத்தைவிட முக்கியம். அது இல்லாவிட்டால் நாள் முழுவதும் படிக்கவும் இல்லை, ஓய்வெடுக்கவும் இல்லை என்ற குற்றவுணர்வு படிந்துவிடும். மனிதர்களுக்கு: வாரத்துக்கு இரண்டு சந்திப்புகள், அதில் ஒன்று நேரில். அடையாளத்துக்கு: “இப்போ என்ன பண்றீங்க?” என்று கேட்டால் சொல்ல ஒரே வாக்கியம். “கணக்குத் துறையிலிருந்து தரவுப் பகுப்பாய்வுக்கு மாறிக்கிட்டிருக்கேன், இப்போ ஒரு கடைக்கு விற்பனை அறிக்கை செஞ்சு தர்றேன்” என்பது போல. அந்த வாக்கியத்தின் பின்பாதி உண்மையாக இருக்க வேண்டும் என்பதால், நோக்கத்துக்கும் கட்டாயத்துக்கும் சேர்த்து நான்காவது ஏற்பாடும் அதிலேயே அடங்கிவிடுகிறது: யாரோ ஒருவர் காத்திருக்கும் ஒரு சிறு வேலை. சம்பளம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வாரத்துக்கு 4 அல்லது 5 மணி நேரம் போதும். காத்திருப்பவர் ஒருவர் இருந்தால்தான் மனம் ஒட்டாத நாளிலும் கை நகரும்.

பணக் கணக்கைப் பிழைப்புக் கணக்காக மட்டும் பார்க்கக் கூடாது. கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்பும் பின்பும் சோதித்து 2013-இல் வெளியான ஓர் ஆய்வு, அதே விவசாயிகள் கையில் காசில்லாத அறுவடைக்கு முந்தைய நாட்களில் சிந்தனைத் தேர்வுகளில் குறைவாகவும், காசு வந்த பிறகு மேலாகவும் செய்ததைக் காட்டியது. பணத் தட்டுப்பாடு யோசிக்கும் திறனையே தின்கிறது. புதியதைக் கற்பவருக்கு அதுதான் மூலதனம். ஆகவே படிக்கும் 5 மாதம், வேலை தேட இன்னொரு 5 மாதம், முதல் சம்பளம் கைக்கு வரும்வரை 2 மாதம் என்று 12 மாதச் செலவைக் கையில் வைத்திருப்பவர்தான் இந்த வழியில் நிம்மதியாகப் படிப்பார். சேமிப்பில் 4 மாதச் செலவு மட்டும் மிஞ்சும் நாள் எது என்று நாட்காட்டியில் இப்போதே குறித்துவிடுங்கள். அன்று பகுதிநேர வேலை தேடத் தொடங்க வேண்டும். பதற்றத்தில் எடுக்கும் முடிவைவிட, சேமிப்பு முழுசாக இருக்கும்போது எடுத்த முடிவு நிதானமாக இருக்கும்.

இந்த வழியில் வழக்கமாக நடப்பது இது. முதல் இரண்டு வாரம் விடுதலை உணர்வு. அதை ஊக்கம் என்று தவறாக எடுத்துக்கொள்வார்கள். நான்காவது, ஐந்தாவது வாரத்தில் எழும் நேரம் தள்ளிப்போகும். மூன்றாவது மாதத்தில் இரண்டில் ஒன்று நடக்கும்: பயத்தில் தயாராவதற்கு முன்பே விண்ணப்பங்களை அனுப்பித் தள்ளுவார்கள், அல்லது அதே பயத்தில் விண்ணப்பிக்காமல் சான்றிதழ் மேல் சான்றிதழாகச் சேர்ப்பார்கள்.

வேலையோடு மாறுபவரின் எதிரி: களைப்பும் நீளமும்

இங்கே ஐந்து விஷயங்களும் பத்திரமாக இருக்கின்றன, சம்பளமும் வருகிறது. சொந்தத் தொழில் தொடங்கியவர்களைப் பற்றி ஜோசப் ரஃபியும் ஜீ ஃபெங்கும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், வேலையில் இருந்தபடியே தொடங்கிப் பிறகு முழுநேரத்துக்கு மாறியவர்களின் தோல்வி வாய்ப்பு, நேரடியாகக் குதித்தவர்களைவிட 33 சதவீதம் குறைவாக இருந்தது. ஆனால் 62 வாரம் என்பது நீளம். பெரும்பாலும் ஆறாவது வாரத்துக்கும் பத்தாவது வாரத்துக்கும் நடுவில்தான் முதல் சரிவு வரும். அப்போது புதுமை தீர்ந்திருக்கும், தெரியாதது எவ்வளவு என்பது தெரிய ஆரம்பித்திருக்கும், காட்டுவதற்குக் கையில் எதுவும் இருக்காது.

முதலில் நேரத்தைச் சரிசெய்ய வேண்டும். வேலைக்குப் பிறகு படிப்பதாக வைத்துக்கொண்டால், நீளும் ஒவ்வொரு மீட்டிங்கும் உங்கள் படிப்பைத்தான் வெட்டும். வேலைக்கு முன் 1 மணி நேரம் என்றால் வெட்ட ஆள் இல்லை. காலையில் குழந்தைகளை அனுப்பும் பொறுப்பு இருப்பவர்களுக்கு அது நடக்காது. அவர்கள் மதிய இடைவேளையில் 30 நிமிடம், அலுவலகம் முடிந்ததும் அங்கேயே உட்கார்ந்து 30 நிமிடம் என்று பிரிக்கலாம். வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் நாள் முடிந்துவிட்டதாக உடம்பு எடுத்துக்கொள்ளும், அதை எதிர்த்து மல்லுக்கட்டுவது வீண்.

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் சகாக்களும் 96 பேரிடம் நடத்திய ஆய்வில், ஒரு செயல் பழக்கமாவதற்கு நடுமதிப்பாக 66 நாள் ஆனது. ஆளைப் பொறுத்து 18 நாள் முதல் 254 நாள் வரை மதிப்பிடப்பட்டது. அவை ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு பழம் போன்ற எளிய செயல்கள். உட்கார்ந்து படிப்பதற்கு மூன்று மாதமாவது பொறுக்க வேண்டும். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: ஒருநாள் விட்டுப்போனதால் பழக்கம் உருவாவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. ஆகவே “ஒருநாளும் தவறமாட்டேன்” என்ற சபதம் தேவையில்லை. அது உடைந்த அன்றே ஆளும் உடைந்துவிடுவார். தொடர்ந்து இரண்டு வேலைநாள் விடக் கூடாது என்ற விதி போதும்.

பீட்டர் கோல்விட்சர் 1990-களிலிருந்து ஆராய்ந்துவரும் “இது நடந்தால் இதைச் செய்வேன்” வகைத் திட்டம் இந்த வழிக்காரர்களுக்குக் கச்சிதமாகப் பொருந்தும். “தினமும் படிப்பேன்” என்பது ஆசை. “குளித்துவிட்டு வந்ததும் மேசையில் உட்கார்ந்து நேற்று நிறுத்திய பக்கத்தைத் திறப்பேன்” என்பது திட்டம். நேற்று நிறுத்திய பக்கம் எது என்பது தெரிய, ஒவ்வொரு நாளும் கடைசி 2 நிமிடத்தில் அடுத்த அடியை ஒரே வரியில் எழுதி வைக்க வேண்டும். “அத்தியாயம் 4” என்று எழுதினால் பயனில்லை. “4-ஆம் அத்தியாயம், மூன்றாவது பயிற்சி, விடை ஏன் தப்பாக வருகிறது என்று பார்” என்று எழுத வேண்டும். களைத்த மூளைக்கு முடிவெடுப்பதுதான் கடினம், செய்வது அவ்வளவு கடினமில்லை.

மோசமான வாரங்களுக்கும் ஒரு திட்டம் வேண்டும். காய்ச்சல், அலுவலக நெருக்கடி, வீட்டு விசேஷம் எதுவானாலும் அந்த வாரத்துக்கு 15 நிமிடம் மூன்று முறை, அவ்வளவே. மூன்று வாரம் மொத்தமாக நிறுத்தினால் பாடம் மறப்பதைவிட, திரும்பி உட்காரும் கூச்சம்தான் பெரிய தடையாகிவிடும்.

நீளத்துக்கு மருந்து, 62 வாரத்தை 12 வாரத் துண்டுகளாக வெட்டுவது. 13-ஆவது வாரம் முழு ஓய்வு, புத்தகத்தைத் தொடவே கூடாது. துண்டுக்குள் 4 வாரத்துக்கு ஒருமுறை வெளியாள் ஒருவருக்குக் காட்டக்கூடிய ஏதோ ஒன்று முடிந்திருக்க வேண்டும்: ஒரு அறிக்கை, ஒரு வடிவமைப்பு, ஒரு மாதிரிப் பாடம். தெரசா அமபிலி 7 நிறுவனங்களைச் சேர்ந்த 238 பேரின் ஏறத்தாழ 12,000 நாட்குறிப்புகளைப் படித்துக் கண்டது, அர்த்தமுள்ள வேலையில் சிறிதேனும் முன்னேறிய நாட்களில்தான் மனிதர்களின் உற்சாகம் உயர்ந்திருந்தது என்பதே. அலுவலகத்தில் முன்னேற்றத்தை யாராவது கவனித்துச் சொல்வார்கள். தனியாகப் படிப்பவருக்கு அதைக் கண்ணுக்குத் தெரியும்படி தானே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. முதல் 12 வாரத்துக்கு மணிகளை எண்ணுங்கள், அதன்பின் முடித்த பொருட்களை எண்ணுங்கள். தொடக்கத்திலேயே பொருட்களை எண்ணினால் பூஜ்ஜியம்தான் வரும், மனம் விட்டுப்போகும். கடைசிவரை மணிகளையே எண்ணினால், உட்கார்ந்திருப்பதே வேலை என்று ஆகிவிடும்.

உள்ளேயே நகர்வது

மூன்றாவது வழியில் ஊக்கம் குறைவாகத்தான் தேவைப்படும், அதுவே அதன் பெரிய பலம். கற்றதை அதே வாரம் பயன்படுத்த முடிகிறது, தெரிந்த முகங்கள் இருக்கின்றன, தெரியாததைக் கேட்க ஆளும் உண்டு. ஹெர்மினியா இபார்ரா தொழில் மாற்றம் பற்றிய தன் ஆய்வுகளில் வலியுறுத்துவது போல, நாம் யாராக வேண்டும் என்பது யோசித்துத் தெரிவதைவிடச் சிறு சோதனைகளில் இறங்கிச் செய்துபார்த்தே தெரிகிறது. அந்தச் சோதனைகளுக்கு இதைவிட மலிவான இடம் கிடையாது.

கெடுவது ஓரிடத்தில்தான். பழைய வேலை விடாது. “இதையும் கொஞ்ச நாள் பார்த்துக்கோங்க” என்று தொடங்கி, ஒன்றேகால் ஆள் வேலை ஒருவர் தலையில் விழும். ஆறு மாதத்தில் புதிய துறையின் மேலேயே வெறுப்பு வரும். முதல் நாளே மின்னஞ்சலில் மூன்று விஷயங்கள் பதிவாக வேண்டும்: வாரத்தில் எந்த நாள் அல்லது எத்தனை மணி புதிய பிரிவுக்கு, பழைய பொறுப்பில் எது யாருக்கு எந்தத் தேதிக்குள் கைமாறும், ஆறு மாதம் கழித்து யார் எதை வைத்து முடிவெடுப்பார்கள். மேலாளர் வாய்வார்த்தையாக மட்டும் சம்மதித்து எழுத்தில் தர மறுத்தால் இந்த வழி அடைபட்டது என்றே கொள்ளலாம்.

தனியாகவா, கூட்டாகவா, சொல்லலாமா, வேண்டாமா

ஹார்வர்டும் எம்ஐடியும் எட்எக்ஸ் தளத்தில் நடத்திய இலவச ஆன்லைன் கோர்ஸ்களில் 2017-18-இல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் 3.13 சதவீதம். சான்றிதழுக்காகப் பணம் கட்டியவர்களில் 46 சதவீதம். பணம் கட்டுபவர்கள் ஏற்கெனவே உறுதியோடு வருபவர்கள் என்பதால், கட்டணமே அவர்களை முடிக்க வைத்தது என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும், பணம் கட்டியவர்களிலும் பாதிக்கு மேல் முடிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். விலையுயர்ந்த பயிற்சியில் சேர்ந்துவிட்டால் ஊக்கம் தானாக வரும் என்ற நம்பிக்கை அங்கே உடைகிறது. நான்கைந்து பேர், வாரத்தில் ஒரே நேரம், ஒவ்வொருவரும் தான் முடித்ததைக் காட்ட வேண்டும் என்ற ஏற்பாடு, அதற்குப் பைசா செலவில்லாவிட்டாலும் அதிகம் தாங்கும். எட்டுப் பேரைத் தாண்டினால் வராதவர் கண்ணில் படமாட்டார்.

ஊருக்கெல்லாம் அறிவிப்பது வேறு கதை. கோல்விட்சர் குழுவின் 2009 ஆய்வில், தன் அடையாளம் சார்ந்த குறிக்கோளை மற்றவர் கவனித்துவிட்டதாக உணர்ந்தவர்கள் அதற்காகக் குறைவாகவே உழைத்தார்கள். பாராட்டே பாதி வெற்றியின் சுவையைக் கொடுத்துவிடுகிறது. “நான் வடிவமைப்பாளர் ஆகப்போகிறேன்” என்று பத்துப் பேரிடம் சொல்வதைவிட, “வெள்ளிக்கிழமைக்குள் மூன்று பக்கம் அனுப்புகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்” என்று ஒருவரிடம் சொல்லுங்கள்.

மூன்று வழிகளும் சேரும் இடம்: பதில் வராத வாரங்கள்

எந்த வழியில் வந்தாலும் கடைசியில் விண்ணப்பம், மௌனம், மறுப்பு. இங்கேதான் நல்ல தயாரிப்போடு வந்தவர்களும் திரும்பிப் போகிறார்கள். மௌனத்தை “நான் தேறமாட்டேன்” என்று படிப்பது தவறான நோயறிதல். 20 விண்ணப்பத்துக்கு ஓர் அழைப்பும் வரவில்லை என்றால் கோளாறு ரெஸ்யூமேயில் அல்லது விண்ணப்பிக்கும் வழியில். பழைய துறையின் சொற்களிலேயே உங்களை விவரித்திருப்பீர்கள். அழைப்பு வந்து முதல் சுற்றிலேயே நின்றால், “ஏன் மாறுகிறீர்கள்” என்ற கேள்விக்கான பதிலைத் திருத்த வேண்டும். பழைய வேலை மீதுள்ள கசப்பைச் சொல்லாமல், புதிய துறையில் செய்து முடித்த ஒன்றைச் சொல்லித் தொடங்க வேண்டும். செய்முறைச் சுற்றில் நின்றால் பயிற்சி போதவில்லை, எந்தத் தலைப்பு என்று அன்றே எழுதி வையுங்கள். கடைசிச் சுற்றுவரை போய் நின்றால் எதையும் மாற்றாதீர்கள், எண்ணிக்கையை மட்டும் கூட்டுங்கள்.

விண்ணப்பத்தை மட்டும் நம்புவது ஊக்கத்துக்குக் கேடு, ஏனென்றால் அதில் மனிதக் குரலே இல்லை. அதிகம் பழகாதவர்கள் வழியாகத்தான் வேலைச் செய்தி வந்து சேர்கிறது என்று மார்க் கிரானோவெட்டர் 1973-இல் எழுதினார். லிங்க்ட்இன் தளத்தில் 2 கோடிப் பேரை வைத்து நடந்து 2022-இல் வெளியான சோதனையும், நெருங்கியவர்களைவிட ஓரளவே பழகியவர்கள் வழியாக வேலை மாறுவது அதிகம் என்று காட்டியது. வாரத்துக்கு அப்படி இருவரோடு 20 நிமிடம் பேசுங்கள். வேலை கேட்க வேண்டாம். “உங்கள் வேலையில் மிகச் சலிப்பான பகுதி எது?” என்று கேளுங்கள். பேச்சு அங்கிருந்து தானாக விரியும்.

அந்தக் கேள்விக்கு இன்னொரு பயனும் இருக்கிறது. ஊக்கம் குறைவது களைப்பாலா, தவறான துறையாலா என்று பிரித்துப் பார்க்க அது உதவும். ஒரு வாரம் முழு ஓய்வெடுங்கள். பிறகு அவர்கள் சொன்ன சலிப்பான வேலைகளில் மூன்றை, ஒவ்வொன்றும் 2 மணி நேரம், செய்து பாருங்கள். ஓய்வுக்குப் பின் அதைச் செய்ய முடிந்தால் உங்களுக்கு இருந்தது களைப்பு. ஓய்வுக்குப் பின்னும் வெறுப்பாக இருந்து, துறையின் பெயரும் அந்தஸ்தும் மட்டும் பிடித்திருந்தால், இவ்வளவு மணி செலவாகிவிட்டதே என்று தொடராதீர்கள். செலவானது திரும்பாது. எந்த நிலையில் நிறுத்துவது என்பதைத் தொடக்கத்திலேயே எழுதி வைத்தவர்களுக்கு இந்த இடம் சற்று எளிது.

யாருக்கு எது

பழைய நிறுவனத்தில் வழி இருந்தால் முதலில் அதைத் தட்டிப் பாருங்கள், இரண்டு மாதத்துக்கு மேல் காத்திருக்க வேண்டாம். இல்லையென்றால் பெரும்பாலானவர்களுக்கு வேலையோடு மாறுவதே பொருந்தும், முடிந்தால் நான்கு நாள் வாரத்தோடு. முழுநேரம் இறங்குவது மூன்று நிலைகளில் சரி: இப்போதைய வேலை உடம்பையோ மனதையோ கெடுக்கிறது, புதிய துறை பகல்நேர நேரடிப் பயிற்சி கேட்கிறது, அல்லது 500 மணியில் 350-ஐ ஏற்கெனவே தாண்டி, கடைசி ஓட்டத்துக்கு மட்டும் நேரம் போதவில்லை. மூன்றாவது நிலையில் இருப்பவருக்கு மிஞ்சுவது 150 மணிதான். வாரத்துக்கு 24 மணி என்றால் ஆறேழு வாரம். விடுவதற்கு முன் இரண்டு வார விடுப்பு எடுத்து, முழுநேரம் படிப்பதுபோலவே நடந்து, ஒவ்வொரு நாளும் உண்மையில் படித்த மணிகளைக் குறித்துப் பாருங்கள். இரண்டாவது வாரத்தின் கூட்டுத்தொகை 20-ஐத் தொட்டால் கடிதம் கொடுக்கலாம். 12-இலேயே நின்றால், நோட்டீஸ் காலத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன் யஹோடாவின் ஐந்தில் எது விட்டுப்போயிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.